புதைக்கக் கூடாது என்றொரு ஆணை

1944 பிப்ரவரி. பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கையில் விழுந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ரொட்டிக்கு ரேஷன், நிலக்கரிக்குத் தட்டுப்பாடு, மின்சாரம் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கடைசி மெட்ரோ ரயிலைத் தவறவிட்டால் ஊரடங்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குளிரிலும் மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்திலுள்ள அத்லியே என்ற சிறிய அரங்குக்கு மக்கள் போனார்கள். அங்கே ‘ஆன்டிகனி’ என்ற நாடகம் நடந்துகொண்டிருந்தது. எழுதியவர் ழான் அனூய், இயக்கியவர் ஆந்த்ரே பர்சாக். ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்ஸில் சோஃபக்ளிஸ் எழுதிய துன்பியல் நாடகத்தைத்தான் அனூய் தன் காலத்துக்கு மாற்றி எழுதியிருந்தார்.

கதை ஒரு பிணத்தைப் பற்றியது. தீப்ஸ் நகரத்து அரசுரிமைக்காக அண்ணன் தம்பி இருவர் சண்டையிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். அடுத்து ஆட்சிக்கு வரும் மாமன் கிரியோன் ஓர் ஆணை போடுகிறான். நகரத்தின் பக்கம் நின்ற எட்டியோக்ளிஸுக்கு அரசு மரியாதையோடு அடக்கம். எதிர்ப்படையைக் கூட்டிவந்த பாலினைசிஸைப் புதைக்கக் கூடாது, அவனுக்காக அழக்கூடாது, நாயும் கழுகும் தின்னட்டும், மீறுகிறவர்களுக்குச் சாவு. தங்கை ஆன்டிகனி மீறுகிறாள். இரவில் போய் அண்ணன் உடம்பின் மேல் மண் அள்ளிப் போடுகிறாள். பிடிபடுகிறாள். சாகிறாள்.

டெல்டாவில் வளர்ந்த நமக்கு இந்தக் கதையை விளக்க உரை எழுதி யாரும் புரியவைக்க வேண்டியதில்லை. பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், எந்த மண்ணில் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கிற ஊர்களில் இருந்துதான் இதை நீங்களும் நானும் வாசிக்கிறோம். ஆனால் அந்த ஒப்புமையோடு நின்றுவிட்டால் 1944 பாரிஸிடமிருந்து எதையும் கற்றுக்கொண்டதாக ஆகாது. அந்த அரங்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் உட்கார முடியவில்லை, யார் யார் கைதட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில், காரைக்காலில் இருந்துகொண்டு பாரிஸைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று கேட்பவர்களுக்கு. 1739 முதல் 1954 வரை எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் சரணடைந்தபோது, புதுச்சேரி ஆளுநராக இருந்த லூயி பொன்வேன் அதே ஆண்டு செப்டம்பரில் தெ கோலின் பக்கம் சேர்ந்தார். அதாவது பாரிஸில் ஸ்வஸ்திகா கொடி பறந்தபோது காரைக்காலில் சுதந்திர பிரான்ஸின் மூவர்ணக்கொடி பறந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கே ஆண்டுகளுக்கு முன், 1936 ஜூலை 30 அன்று, இதே பிரான்ஸின் துப்பாக்கி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக்கொன்றிருந்தது. இன்னொரு பக்கம், 1881இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆணையைப் பயன்படுத்திச் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தையும் பிரெஞ்சுக் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டவர்களில் தலித்துகள் ஏராளம். ஆக, அந்தக் குடியரசு நமக்குக் கொடுத்ததும் உண்டு, சுட்டதும் உண்டு. அதன் தலைநகரம் இன்னொருவனின் பூட்ஸ் காலின் கீழ் இருந்தபோது எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கும் உரிமை எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரிஸ் அரங்குகள் மூடிக்கிடக்கவில்லை. நிரம்பி வழிந்தன. ஜெர்மானியர்களுக்கும் நகரம் இயல்பாக இருப்பதாகக் காட்ட நாடகம் தேவைப்பட்டது. ஒவ்வொரு பிரதியும் அவர்களுடைய தணிக்கைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அங்கேதான் கிரேக்கம் உதவியது. இன்றைய பாரிஸைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் வெட்டு விழும். தீப்ஸ், ஆர்கோஸ் என்று எழுதினால் அது பாடப்புத்தகம், பழைய காவியம், ஜெர்மானியப் பேராசிரியர்களும் கொண்டாடுகிற இலக்கியம். 1943 ஜூனில் சார்த்ர் எழுதிய ‘ஈக்கள்’ இப்படித்தான் தப்பி மேடையேறியது. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் ஓரெஸ்டிஸின் கதை அது. குற்ற உணர்விலேயே மக்களை அமுக்கி வைத்திருக்கும் ஒரு நகரமும் அதில் வருகிறது. தோற்றது நம் பாவத்தால்தான், வருந்திக்கொண்டே கிடப்போம் என்று பெத்தேன் அரசாங்கம் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. பார்த்தவர்களில் சிலருக்காவது விளங்கியிருக்கும்.

‘ஈக்கள்’ நடந்த அரங்கின் பெயரைக் கவனியுங்கள். தெயாத்ர் த ல சித்தே, அதாவது நகர அரங்கு. அதற்கு முன்பு அது சாரா பெர்னார் அரங்கு. பிரெஞ்சு மேடையின் மிகப் பெரிய நடிகையின் பெயர். அவருடைய தாய் யூதர் என்பதால் பெயர்ப்பலகை மாற்றப்பட்டது. அவர் செத்து இருபது வருடம் ஆகியும் விடவில்லை.

இதைவிட முக்கியமான இரண்டு ஆணைகள் இருக்கின்றன. 1942 ஜூன் 6 அன்று வந்த ஆணை யூதர்கள் நாடகம், சினிமா, இசைநாடகம் ஆகியவற்றில் தொழில் செய்வதைத் தடுத்தது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 8 அன்று வந்த ஜெர்மானிய ஆணை அவர்கள் அரங்குகளுக்கும் திரையரங்குகளுக்கும் நூலகங்களுக்கும் பூங்காக்களுக்கும் போவதையே தடுத்தது. அதற்கடுத்த வாரம், ஜூலை 16, 17 தேதிகளில், பிரெஞ்சு போலீஸே வீடு வீடாகப் போய் 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்தது. ஜெர்மானிய போலீஸ் அல்ல, பிரெஞ்சு போலீஸ். பிடிபட்டவர்களில் சுமார் 4,000 பேர் குழந்தைகள்.

அப்படியென்றால் 1944இல் ஆன்டிகனி நடந்தபோது மேடையிலும் யூதர் இல்லை, சட்டப்படி பார்வையாளர் நாற்காலியிலும் இல்லை. ஒரு மனிதனின் கடைசி உரிமையைப் பற்றிய நாடகம், அந்த உரிமை ஏற்கனவே பறிக்கப்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்தது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் அதைப் பற்றி யோசித்தார்களா? கலை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரதியைப் பேசுவார்கள், நடிப்பைப் பேசுவார்கள், வாசலைப் பேச மாட்டார்கள். கோயிலுக்குள் நடந்த சதிரைப் பற்றி எழுதும்போது வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்?

சரி, நாடகத்துக்கு வருவோம். அனூய் கதையின் எலும்பை மாற்றவில்லை, உடையை மாற்றினார். மன்னன் கிரியோன் கோட்டும் சூட்டுமாக ஒரு மூத்த அதிகாரிபோல வருகிறான். காவலர்கள் கருநிற நீளக் கோட்டில் வருகிறார்கள். அந்தக் கோட்டை அன்றைய பாரிஸ்காரர்கள் தெருவில் பார்த்துப் பயந்திருந்தார்கள். ஆன்டிகனி அண்ணன் மேல் மண் போடுவது அவன் சின்ன வயதில் விளையாடிய ஒரு குட்டி மண்வாரியால். இந்த ஒரு சின்னப் பொருளுக்காகவே அனூயை மன்னிக்கலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

மன்னிக்க வேண்டியது என்ன என்றால், அவருடைய கிரியோன். சோஃபக்ளிஸின் கிரியோன் கோபக்காரன், பிடிவாதக்காரன், கடைசியில் மகனையும் மனைவியையும் இழந்து நொறுங்குகிறவன். அனூயின் கிரியோன் அப்படியில்லை. களைத்துப்போன, நிதானமான, அறிவாளியான மனிதன். ஆன்டிகனியைக் கொல்ல அவனுக்கு விருப்பமில்லை. விஷயத்தை அமுக்கிவிடலாம், பிடித்த காவலர்களைத் தீர்த்துக்கட்டிவிடலாம், நீ போய்ப் படுத்துக்கொள் என்கிறான். ஓட்டைப் படகை யாராவது ஓட்டித்தானே ஆக வேண்டும், உன்னைப்போல மறுத்துவிட்டுப் போவது சுலபம், சரி என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று வாதாடுகிறான். பிறகு ஒரு ரகசியத்தையும் போட்டு உடைக்கிறான். உன் அண்ணன்கள் இரண்டு பேருமே அயோக்கியர்கள். இருவர் உடம்பும் குதிரைக் குளம்பில் நசுங்கிப் போயின. அதில் கொஞ்சம் முழுசாக இருந்ததை எடுத்து அரசு மரியாதை செய்தேன். மற்றதை அழுகவிட்டேன். எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

யோசித்துப் பாருங்கள். ஆணையைப் போட்டவனுக்கே அந்த ஆணையில் நம்பிக்கை இல்லை. அந்தப் பிணத்தின் மேல் அவனுக்குக் கோபமும் இல்லை. நாற்றம் ஊருக்குள் வர வேண்டும், மக்கள் பயப்பட வேண்டும், நிர்வாகம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கிரியோனை நான் பார்த்திருக்கிறேன். சாவு விழுந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நடத்துகிற சமாதானக் கூட்டங்களில் அவர் உட்கார்ந்திருப்பார். குரலை உயர்த்த மாட்டார். தண்ணீர் பாட்டிலை நம் பக்கம் நகர்த்துவார். “எனக்குத் தனிப்பட்ட முறையில் இதில் உடன்பாடே இல்லைங்க. நானும் படிச்சவன்தான். ஆனா சட்டம் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. இந்த ஒரு தடவை பழைய பாதையிலேயே எடுத்துட்டுப் போயிடுங்க, பொதுப்பாதை விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். வீட்ல பிணத்தை வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?” என்பார். சாதிவெறியோடு கத்துகிறவனை எதிர்கொள்வது எளிது. அவன் மேல் புகார் எழுதலாம். இவரிடம்தான் நம் ஆட்கள் தோற்பார்கள். வெளியே வரும்போது, பாவம் நல்ல மனுஷன், அவரால என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

அனூயின் நாடகத்தை ஆக்கிரமிப்புக் காலத்தில் இரண்டு தரப்புமே கொண்டாடியதற்கு இந்தக் கிரியோன்தான் காரணம். ஜெர்மானியத் தணிக்கை அனுமதித்தது. ஹிட்லருக்கு வால்பிடித்த பிரெஞ்சு ஏடுகள் பாராட்டி எழுதின. அவர்களுக்குக் கிரியோனில் ‘பொறுப்புள்ள’ ஆட்சியாளர் தெரிந்தார், பெத்தேனும் லவாலும் தெரிந்தார்கள். இளைஞர்களோ முடியாது என்று சொல்லும் அந்தச் சின்னப் பெண்ணுக்காகக் கைதட்டினார்கள். எதிர்ப்பியக்கத்தின் தலைமறைவு ஏடான ‘லெ லெத்ர் ஃபிரான்சேஸ்’ மட்டும் ஏமாறவில்லை. இவளை நம் ஆன்டிகனி என்று சொல்ல முடியாது என்று அது எழுதியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அனூயின் ஆன்டிகனி கிரியோனின் வாதங்களுக்குப் பதில் சொல்லத் திணறுகிறாள். கடைசிப் பொழுதில் தான் எதற்காகச் சாகிறோம் என்றே தனக்குத் தெரியவில்லை என்கிறாள். அவளுடைய மறுப்பு தூய்மையானது, அழகானது, ஆனால் தனியானது. அவளுக்குத் தோழர்கள் இல்லை.

எதற்காகச் சாகிறோம் என்று தெரிந்தவர்கள் அதே மாதம், அதே ஊரில் இருந்தார்கள். நாடகம் தொடங்கிச் சில வாரங்களுக்குள் பாரிஸ் சுவர்களில் ஒரு சிவப்புச் சுவரொட்டி ஒட்டப்பட்டது. பத்து முகங்கள், பத்து ‘அந்நியப்’ பெயர்கள். ஆர்மீனியன், போலந்து யூதன், ஹங்கேரி யூதன், ஸ்பானியச் சிவப்பன் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் பிறப்பைக் குறித்திருந்தார்கள். இவர்கள் விடுதலை வீரர்கள் இல்லை, குற்றக் கும்பல் என்று காட்டுவதுதான் நோக்கம். பிறப்பைச் சொன்னாலே குற்றம் நிரூபணமாகிவிடும் என்ற நம்பிக்கை. நம் ஊர்ச் செய்தித்தாள்கள் சிலவற்றை நினைத்துக்கொண்டால் இது புரியும்.

கவிஞரும் தொழிலாளியுமான மிசாக் மனூஷியான் தலைமையிலான அந்தக் குழுவில் 23 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 22 ஆண்களை 1944 பிப்ரவரி 21 அன்று மோன் வலேரியன் கோட்டையில் சுட்டுக்கொன்றார்கள். குழுவின் ஒரே பெண்ணான ஓல்கா பான்சிக் ருமேனிய யூதர். ஆயுதங்களைச் சேர்ப்பித்தவர், ஒரு சிறு குழந்தையின் தாய். அவரை ஜெர்மனிக்குக் கொண்டுபோய், மே 10 அன்று, ஸ்டுட்கார்ட் சிறையில் தலையை வெட்டினார்கள். அன்று அவருடைய 32ஆவது பிறந்தநாள். அத்லியே அரங்கின் திரை தினமும் உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்த நகரத்தில் இருந்து அப்படி ஒரு பெண் அனுப்பப்பட்டார். ஆன்டிகனி யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன். மனூஷியானின் உடல் 2024 பிப்ரவரி 21 அன்று, சரியாக எண்பது ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சுக் குடியரசின் மாபெரும் மனிதர்கள் துயிலும் பாந்தெயோனுக்கு அரசு மரியாதையோடு எடுத்துச்செல்லப்பட்டது. எட்டியோக்ளிஸுக்கும் பாலினைசிஸுக்கும் நடுவே உள்ள தூரம் சில சமயம் எண்பது வருடம்.

துன்பியல் நாடகம் பிறந்த ஏதென்ஸும் அப்போது ஆக்கிரமிப்பில்தான் இருந்தது. 1941-42 குளிர்காலத்துப் பஞ்சத்தில் அங்கே தெருவிலேயே மனிதர்கள் விழுந்து செத்தார்கள். செத்தவரின் ரேஷன் அட்டை பறிபோகாமல் இருக்க, குடும்பத்தார் பிணத்தை இரவில் கல்லறைச் சுவருக்கு மேலாகப் பெயர் தெரியாமல் போட்டுவிட்டுப் போன கதைகள் பதிவாகியிருக்கின்றன. ஆன்டிகனியின் நகரங்களில் தங்கைகளே அண்ணன்களை அடக்கம் செய்யாமல் விட வேண்டி வந்தது. யாரும் ஆணை போடவில்லை, பசி போட்டது. அதே ஏதென்ஸில் 1943 பிப்ரவரி 28 அன்று முதுபெரும் கவிஞர் கொஸ்திஸ் பாலமாஸின் இறுதி ஊர்வலம் நடந்தது. ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் பிரதிநிதிகள் மாலையோடு நின்றுகொண்டிருக்க, கவிஞர் சிகெலியானோஸ் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரங்கற்பா முழங்கினார். தடை செய்யப்பட்டிருந்த தேசிய கீதத்தைக் கூட்டம் பாடியது. மேடை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், தணிக்கைக்கு அனுப்பப் பிரதியும் இல்லை. சாவு ஊர்வலம் எப்போதும் வெறும் சாவு ஊர்வலமாக இருந்ததில்லை. நாம் பொதுப்பாதை கேட்கும்போது அவர்கள் ஏன் அத்தனை பதறுகிறார்கள் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் மனம் கடலுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருக்காது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, அதே நிலத்தில் இலங்கை இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுக்குத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்தார்கள். ஒரு பக்கத்து இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் அரசு விழாவும் நினைவுத்தூணும், இன்னொரு பக்கத்துத் தாய்க்குத் தன் பிள்ளைக்கு விளக்கேற்றக்கூட அனுமதியில்லாத காலம் இருந்தது. 2021 ஜனவரி 8 இரவில் யாழ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் விடவில்லை, அதே ஆண்டு அது மீண்டும் எழுந்தது. சோஃபக்ளிஸைப் படித்துவிட்டுத்தான் ஆணை போட்டார்களோ என்று தோன்றுமளவுக்கு அச்சு அசல்.

இனி நம் மண். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் வழுவூர். பரதநாட்டியம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அதை ஒட்டியது திருநாள்கொண்டச்சேரி. 2016 ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஒரு தலித் முதியவர் இறந்தார். வழுவூர் பொதுத்தெரு வழியாக உடலை எடுத்துச்செல்லக் குடும்பம் கேட்டது. பழைய பாதை வயலும் வரப்புமாக நீண்டு சுற்றிப் போகும். சென்னை உயர்நீதிமன்றம் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல அனுமதிக்கும்படி உத்தரவிட்டது. ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். போலீஸ் குவிந்தது. கடைசியில் என்ன நடந்தது? உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீஸே உடலைத் தூக்கிக்கொண்டு, பொதுத்தெருவை விட்டு மாற்றுப் பாதையில் போய் அடக்கம் செய்தது.

இங்கே கிரேக்கக் கதை தலைகீழாகிறது. ஆன்டிகனி எழுதப்படாத தர்மத்தின் பக்கம் நின்று, அரசன் போட்ட ஆணையை எதிர்த்தாள். திருநாள்கொண்டச்சேரியில் எழுதப்பட்ட சட்டம், நீதிமன்றத்தின் கையெழுத்து, எல்லாம் செத்தவரின் பக்கம் இருந்தன. எழுதப்படாத சட்டம்தான் எதிரே நின்றது, அதுதான் ஜெயித்தது. எழுதப்படாத தர்மம், தெய்வ நீதி, காலம் காலமான வழக்கம் என்று மேற்கத்திய விமர்சகர்கள் ஆன்டிகனியைப் புகழ்ந்து எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நடுங்கும். நமக்கு எழுதப்படாத சட்டம் என்றால் சாதி. அதனால்தான் நமக்கு எழுதப்பட்ட ஒன்று தேவைப்பட்டது, அதை எழுதியவர் அம்பேத்கர். அதே ஜனவரி 26 அன்றுதான் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடுகாடு, சுடுகாட்டை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதில் தனிக் குற்றமாகவே சேர்க்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழியடைக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சோஃபக்ளிஸிடம் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. கிரியோன் விசாரிக்கும்போது ஆன்டிகனி தன் செயலுக்குச் சொல்லும் நியாயங்களில் ஒன்று, செத்தவன் அடிமை ஒருவன் இல்லையே, என் உடன்பிறந்தவன் அல்லவா என்ற பொருளில் வரும். பெரும்பாலான வாசிப்புகள் இதைத் தாண்டிப் போய்விடும். அப்படியானால் அடிமையாக இருந்திருந்தால்? அவனுக்கு யார் மண் போடுவது? ஏதென்ஸில் அரங்கு நிறைய உட்கார்ந்திருந்த சுதந்திரக் குடிமகன்களின் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். ஆன்டிகனியின் தர்மம் எல்லாச் சாவுக்குமான தர்மம் இல்லை. அது அரச குடும்பத்துத் தர்மம்.

நம்மிடம் இதற்கு இணையாக ஒரு நாடகம் இருக்கிறது. அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுக்காமல் எரிக்க விடமாட்டேன் என்று காவலாளி தடுக்கிறான். காவலாளி அவள் கணவன்தான், அரிச்சந்திரனேதான். கருமாதி இரவுகளில் கூத்தாக விடிய விடிய ஆடுவார்கள், ஊரே அழும். எதற்கு அழுகிறது? பெற்ற பிள்ளைக்குக் கொள்ளி வைக்க முடியாததற்கும்தான். ஆனால் அதைவிட, ஒரு சத்திரியன் மயானம் காக்கும் புலையனுக்கு அடிமையானானே என்பதற்கு. அவனுக்கு எஜமானான வீரபாகுவின் தொழில் கதையில் வீழ்ச்சியின் கடைசிப் படி. அந்தப் படியிலேயே பிறந்து அங்கேயே சாகிறவர்களுக்காக அந்தக் கூத்தில் ஒருவரும் அழுவதில்லை. பல ஊர்களில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரனுக்குக் கல்லோ கோயிலோ இருக்கும், பாடை அங்கே நின்றுதான் போகும். வீரபாகுவுக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

ஆன்டிகனியிலும் காவலாளிகள் உண்டு. பிணத்தை யாரும் தொடாமல் வெயிலிலும் நாற்றத்திலும் உட்கார்ந்து காவல் காக்கிறவர்கள். யாரோ மண் போட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக் கிரியோனிடம் போய்ச் சொல்லச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவனை அனுப்புகிறார்கள். குற்றவாளியைப் பிடிக்காவிட்டால் உங்களைத் தொங்கவிடுவேன் என்கிறான் அரசன். அவன் தலை தப்ப வேண்டுமென்றால் ஆன்டிகனியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். அனூய் இவனுக்கு ழொனாஸ் என்று ஒரு பெயர் வைத்தார். ஆன்டிகனியின் கடைசி மணிநேரத்தில் அவளுக்குத் துணையாக இருப்பது இவன்தான். அவளிடம் அவன் என்ன பேசுகிறான் தெரியுமா? சம்பளம், பதவி உயர்வு, படையில் சார்ஜண்டாக இருப்பதற்கும் காவலாளியாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். எல்லோரும் செத்து முடிந்தபின் மேடையில் மிஞ்சுவது சீட்டாடும் காவலாளிகள்தான். இவர்களை உணர்ச்சியற்ற ஜடங்கள் என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிணத்தோடு இருப்பதுதான் அவர்கள் வேலை. மேலே இருப்பவர்களின் துன்பியல் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ராத்திரிக் காவல் இருந்தாக வேண்டும்.

ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது நெல்சன் மண்டேலா நடித்தது கிரியோன் வேடத்தில். அவரே தன் வரலாற்று நூலில் சொல்லியிருக்கிறார். ஆன்டிகனியைத் தங்கள் போராட்டத்தின் உருவமாகப் பார்த்தவர், ஆள்பவன் எப்படிப் பேசுவான் என்பதைத் தன் வாயால் பேசிப் பார்த்தார். இந்தச் சிறை மேடையை வைத்து ஃபுகார்டும் ஜான் கானியும் வின்ஸ்டன் நட்சோனாவும் சேர்ந்து ‘தீவு’ என்ற நாடகத்தை 1973இல் உருவாக்கினார்கள். இரண்டே நடிகர்கள், ஒரு போர்வை, ஒரு வாளி. நிறவெறி அரசின் கீழ் அதை மேடையேற்ற அவ்வளவு போதுமாக இருந்தது.

கல்லூரித் தோழர்கள் இரண்டு மூன்று பேர் இதைத் தமிழில் செய்யலாமா என்று என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செய்யுங்கள். அனூயை விட்டுவிட்டு சோஃபக்ளிஸிலிருந்தே தொடங்குங்கள். கிரியோனைக் கத்தவிடாதீர்கள், தண்ணீர் பாட்டிலை நகர்த்தவிடுங்கள். எல்லோரும் ஆன்டிகனி வேடத்துக்குத்தான் கைதூக்குவீர்கள். முதல் ஒத்திகையில் அதைத் தள்ளிவைத்துவிட்டு, காவலாளியாக யார் நடிப்பது, அவன் எந்தத் தெருக்காரன், அவனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று பேசி முடியுங்கள். பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால் தலத்தெருவுக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாலைப்பள்ளிக் கூடம் காலியாகத்தான் கிடக்கும்.